முனியாண்டிக்குப் போன வாள்

என் வாளின் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில், இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் போட்ட தையலே பிரிந்துவிடும் போலிருந்தது.

பைபாஸ் முடிந்து, காரில் கொஞ்ச தூரம் போய் வரலாம் என்று டாக்டர் அனுமதித்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. சுங்கை லாலாங் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு அக்காதான் அழைத்துப்போனாள். பிழைத்து வந்ததற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்றாள். போனேன். கற்பூரம் காட்டினார்கள். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால், இருபது முப்பது அரிவாள்களுக்கு நடுவில் என் வாள் நிற்கிறது.

பிடியை மண்ணில் புதைத்து, முனை மேலே பார்க்க நட்டிருந்தார்கள். மீன்தோல் போர்த்தி வெள்ளிக் கம்பி சுற்றிய பிடி அது. நூறு வருஷமாக யார் யாரோ ஈரம் படாமல் காப்பாற்றி வந்த பிடி, இப்போது மழைத்தண்ணீர் தேங்கும் மண்ணுக்குள் கிடந்தது. அலகு முழுவதும் செதுக்கியிருந்த கொடி வேலைப்பாட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. எலுமிச்சைச் சாறு ஒழுகி, இலைகளின் மேல் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. புளிப்பு பட்டால் இரும்பு என்ன ஆகும் என்பது அரிவாள்மனை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். என் அக்காவுக்கும் தெரியும்.

அந்த வாள் எனக்குச் சும்மா வந்ததில்லை. சுங்கைப் பட்டாணியில் ஏர்கோன் பழுதுபார்ப்பது என் தொழில். வேலைக்குப் போன ஒரு வீட்டில், பட்டாளத்துத் தொப்பியில் குத்தும் பித்தளை முத்திரை ஒன்றைப் பார்த்து ஆரம்பித்த பைத்தியம் இது. பதினைந்து வருஷமாகச் சேர்க்கிறேன். தண்ணீர்க் குடுவைகள், தோல் வார்கள், துருப்பிடித்த திசைகாட்டி. பீரங்கிக் குண்டின் வெற்றுக் கூட்டில் ஏதோ ஒரு சிப்பாய் பூவும் இலையும் அடித்துச் செய்த ஜாடி ஒன்றும் இருக்கிறது. அந்த ஜாடியில் என் மனைவி குடைகளைச் செருகி வைத்திருக்கிறாள். கேட்டால், ஜாடி என்றால் எதையாவது போட்டு வைக்கத்தானே என்கிறாள். வீட்டில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர்தான்: லேலோங் சாமான். மலாயில் லேலோங் என்றால் ஏலம். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால், கடைவாசலில் குவித்து விற்கும் மலிவு வாளியும் செருப்பும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

வாளைப் பினாங்கில் ஓர் ஏலக் கூடத்தில் எடுத்தேன். பழைய தோட்டத்து பங்களா ஒன்றைக் காலிசெய்து, அங்கிருந்த சாமான்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஏலத்துக்கென்று நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: எது வேண்டுமோ அதைப் பார்க்கவே கூடாது. முந்தைய நாள் சாமான்களைப் பார்வைக்கு வைத்தபோது, அந்த வாளை மூன்று முறை கடந்து போனேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த பீங்கான் பூச்சாடியைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மறுநாள் பூச்சாடிக்கு நான்கு பேர் அடித்துக்கொண்டார்கள். வாளுக்கு எதிர்த்துக் கேட்டவர் ஒருவர்தான், அவரும் சீக்கிரமே ஓய்ந்துவிட்டார். அப்படியும் இரண்டு வருஷச் சேமிப்பு போயிற்று. மனைவி ஒரு வாரம் பேசவில்லை. நான் வீட்டுக் கூடத்துச் சுவரில் அதை மாட்டி, ஞாயிறு தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வாழைக்காய்கூட வெட்டாத மழுங்கல் வாள்தான். எனக்கு அதன் அழகு போதும்.

கோயிலில் அக்கா எதையும் மறைக்கவில்லை. என்னை அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போன அன்றைக்கு, என் மனைவியிடம் வீட்டுச் சாவியை வாங்கி, வாளைக் கழற்றி, மச்சானின் பழைய கைலி ஒன்றில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து நட்டிருக்கிறாள். வேண்டுதலாம். என் மனைவியும் இதற்கு உடந்தை. சுவரில் ஆணி மட்டும் இருந்ததைப் பார்த்து வீடு திரும்பிய நாளிலிருந்து நான் கேட்டபோதெல்லாம், சுவருக்குச் சாயம் அடிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

ஒரு சேவலை நேர்ந்துகொண்டிருக்கலாமே என்று அக்காவிடம் கேட்டேன். சேவல், சுருட்டு, ஒரு போத்தல் பீர், இதற்கெல்லாம் முனியாண்டி முகம் சுளித்ததாக இந்த வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை. நெஞ்சை அறுத்துத் தைத்தது டாக்டர், கூலி மட்டும் முனியாண்டிக்கா என்றும் கேட்டேன். அக்கா சாமி முன்னால் கத்தாதே என்று சொல்லிவிட்டு என் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். எனக்கு அப்போது நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோயிலில் வருஷா வருஷம் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சாமிக்குச் சாத்திய மாலை, வேலில் குத்திய எலுமிச்சம்பழம், தட்டுப் பழம் எல்லாம் ஏலத்துக்கு வரும். காணிக்கை அரிவாள்கள் மிஞ்சிப்போனால் அவற்றிலும் சிலவற்றை விடுவார்கள். கோயில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். லாரி ஓட்டுபவர், நல்ல மனிதர். கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும், நட இடமில்லாமல் அரிவாள் நிறைந்துவிட்டது என்று அவரே புலம்பினார். வாளையும் ஏலத்தில் விடலாம், ஏலத்தில் வந்தால் அது சாமி கொடுத்த மாதிரிதான் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷமாக ஏலம் கேட்டவன் நான். செம்பனைக் காட்டில் என்னை யார் ஜெயிப்பது?

பூசை நாளன்று நடுப்பகலுக்கு ஏலம் ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம் ஐம்பத்தொன்றில் தொடங்கி முந்நூற்றொரு வெள்ளிக்குப் போனது; எங்கள் பக்கம் ரிங்கிட்டை வெள்ளி என்போம். நான் ஓரமாக நின்று செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் சட்டப்படி. வாள் வந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, ஆபரேஷனில் சாகக் கிடந்தவரைக் காப்பாற்றிய வாள் இது, அதோ அங்கே நிற்கிறாரே அவர்தான் என்று என்னைக் கைகாட்டினார். கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மெர்போக்கிலிருந்து வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் உடனே நூற்றொன்று என்றார். கடையில் வைத்தால் விருத்தியாகுமாம்.

அவரை முந்நூற்றொன்றில் ஒருவழியாக அடக்கினேன். தலைவர் ஒரு தரம் சொல்லிவிட்டார். அப்போது பின்னால் பொங்கல் பானைப் பக்கத்திலிருந்து நானூற்றொன்று என்று ஒரு குரல் கேட்டது. அக்கா. கையில் கரண்டியோடு பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தாள். வாளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் சட்டத்தை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்நூற்றொன்று என்றேன். அறுநூற்றொன்று என்றாள். எழுநூற்றொன்று சொன்னேன். கிளறுவதை நிறுத்தாமலே தொள்ளாயிரத்தொன்று என்றாள். தொழிற்சாலையில் கூட்டித் துடைத்துச் சம்பளம் வாங்குகிறவள். அவளிடம் அந்தப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், தலை குனிந்து நின்ற மச்சானுக்கும் தெரியும். கூட்டம் ரசித்துச் சிரித்தது. பொறுக்க முடியாமல் பானையருகே போனேன்.

"அக்கா, ஒனக்கென்ன பைத்தியமா? ஒரு சேவல நேந்துக்கிட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"ஒரு சேவலக் குடுத்துட்டு ஒன்னக் கேக்கச் சொல்றியா?" என்றாள். "நீ தொடச்சித் தொடச்சி வச்ச சாமான் அது ஒண்ணுதான். அதக் குடுத்துத்தான்டா கேட்டேன். இப்ப நீ அதத் திருப்பி எடுத்தா, அவரு எதத் திருப்பி எடுப்பாரு?"

தலைவர் என்னைப் பார்த்து, தம்பி மேலே கேட்கிறீர்களா என்று மைக்கில் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அக்கா அதே இடத்தில் வாளை மறுபடியும் நட்டாள். தொள்ளாயிரத்தொரு வெள்ளியை நான்தான் கட்டினேன், வேறு யார் கட்டுவது? என் சேகரிப்பிலேயே இரண்டு முறை ஏலத்தில் காசு கொடுத்தது அந்த ஒரு வாளுக்குத்தான், அதுவும் என்னிடம் இல்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் புட்டியும் துணியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். பிடியைச் சுற்றி மண்ணைத் தள்ளி மணல் போட்டிருக்கிறேன். எலுமிச்சம்பழத்தைப் பக்கத்து அரிவாளில் குத்துங்கள் என்று பூசாரியிடம் எத்தனை முறை சொன்னாலும், சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் வாளிலேயே குத்துகிறார். கறுப்புக் கோடு இப்போது பாதி அலகுவரை இறங்கிவிட்டது. நான் குந்தி உட்கார்ந்து அதைத் துடைத்து முடிக்கும்வரை, அக்கா பின்னாலேயே நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உருவிவிடுவேனோ என்று.