பச்சை நாடாக் கட்டு

முதலாளி அந்தப் பையை அவள் முகத்துக்கு நேராக வீசினார். பிளாஸ்டிக் பைக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது? காற்றில் தயங்கித் தயங்கி வந்து, அவள் தோளில் பட்டுக் காலடியில் விழுந்தது. ஆனால் பை வெட்டி ஒட்டும் கட்டிங் அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்தக் கனத்தை எந்தத் தராசில் வைப்பது?

"பதினேழு வருஷம், பதினேழு வருஷம்னு வாய் கிழியப் பேசுவியே! பார்த்துக்க, உன் பதினேழு வருஷ லட்சணத்தை!" என்றார் முதலாளி. "அடி மடிப்பு பிரிஞ்சு, தண்ணி பூரா லாரியில ஓடி, ஒரு லோடு மீனும் செத்துப் போச்சு. இவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இவர் என்றது மீன்பண்ணைக்காரரை. வளர்ப்பு மீன்களைத் தண்ணீரோடு பையில் கட்டி ஊர் ஊராக அனுப்புகிறவர். திருப்பிக் கொண்டுவந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில், பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்த கட்டுகள் எல்லாவற்றிலும் பச்சை நாடா. அவளுடைய நாடா.

"நாளையிலேருந்து காலை ஷிப்டும் உன் தம்பி பார்த்துப்பான். நீ கழிவு ரூமுக்குப் போயிடு. எங்கேருந்து வந்தியோ அங்கேயே கிட."

பதில் சொல்ல வாயைத் திறந்தவள், குனிந்து அந்தப் பையை எடுத்தாள். கூரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அவளை எல்லாரும் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருபவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு, "என்னப்பா, அக்கா சாயங்காலமானா போடுவாங்களா?" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரே நாளில் காரணம் தெரிந்துவிடும். நூறு பை ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பையை உருவி, கழுத்து வரை தண்ணீர் பிடித்து, மெஷினுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுவாள். அடுத்த கட்டு முடிகிறவரை ஒரு சொட்டு விழக் கூடாது. அப்புறம்தான் நாடா.

புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன வருஷம், இருபத்தாறு வயதில், கழிவு அறையில் துண்டு பொறுக்க வந்தவள் அவள். கத்தி வெட்டிப்போடும் ஓரங்களைச் சாக்கில் அள்ளியபடியே, ஓரக்கண்ணால் மெஷினைப் படித்தாள். முழங்கைக்குக் கீழே மூன்று தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் பையை ஒட்டுகிற சூட்டுக்கட்டை கொடுத்தவை.

அடி மடித்த பை செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. குழாய் போல வரும் பிளாஸ்டிக், உருளையிலிருந்து இறங்கும்போதே இரண்டு தகடுகள் அதன் பக்கங்களை உள்ளே தள்ளி மடிக்கும். பிறகு இன்னொரு தகடு அடியை மேலே மடித்துக் கொடுக்கும். சூட்டுக்கட்டை வந்து அழுத்தி ஒட்டும், கத்தி இறங்கும். மடித்த அடியின் நடுவில் நாலு படலம். ஓரங்களிலோ பக்க மடிப்பும் சேர்ந்து எட்டு. நடுப்பகுதி கண் இமைப்பதற்குள் ஒட்டிவிடும். ஓரத்துக்கு இன்னும் ஒரு இமைப்பு நேரம் சூடு வேண்டும். அந்த ஒரு இமைப்பைக் கொடுக்க மனசில்லாதவன் செய்த பை, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் மூலையில் வாயைப் பிளக்கும். மீன்பண்ணைக்கோ இந்தப் பைதான் வேண்டும். சாதாரணப் பையின் கூர் மூலையில் குஞ்சுகள் போய்ச் சொருகிக்கொண்டு நசுங்கிச் சாகும்.

அந்தப் பட்டறையில் ஆளுக்கொரு நிற நாடா. அவளுக்குப் பச்சை, தம்பிக்கு மஞ்சள். மூட்டை கட்டுகிற அண்ணன் முந்தின நாள் கட்டுகளைக் காலையில் மொத்தமாக எடுத்து, மஞ்சள் கட்டு ஒவ்வொன்றிலும் நாலு பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஒன்று ஒழுகினாலும் கட்டு முழுக்கக் கழிவுக்குப் போய்விடும். பச்சையை மட்டும் அவர் தொட்டதே இல்லை. "தங்கச்சி பார்த்ததை நான் எதுக்கும்மா பார்க்கணும்?" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. பொய் சொல்வானேன், கொஞ்சம் கர்வமும்தான்.

இப்போது கையிலிருந்த பையின் அடியில், இடது ஓரத்தில், முடி கனத்துக்கு ஒரு சுருக்கம் ஓடியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். சூட்டுக்கட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வழுவழுப்பான பழுப்புத் துணி ஒன்று இருக்கும். காலையில் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அதைப் புதிதாக மாற்றுவது. சாயங்காலத்துக்குள் அது இடது ஓரத்தில் கருகிச் சுருங்கும். மெஷினை நிறுத்தித் துணியை நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் அந்தச் சுருக்கம் ஒவ்வொரு பையிலும் பதியும். காலை ஷிப்டில் செய்த பையில் இந்தச் சுருக்கம் விழவே விழாது. இரண்டு மணிக்குப் பிறகு மெஷினில் நிற்பது யார்?

அவள் கூடப் பிறந்தவன்.

பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தாள்.

வீட்டில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்தவள் அந்தப் பையை அவன் தட்டுக்கு முன்னால் விரித்துப் போட்டாள்.

"இது யாரு செஞ்சது?"

"என்னக்கா இது, சாப்பிடுற நேரத்துல..."

"யாருடா செஞ்சது?"

அவன் பையைப் பார்த்தான். இடது ஓரத்தைப் பார்த்தான். அங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததே, அதுதான் அவள் நெஞ்சில் இடியாக இறங்கியது.

"மஞ்சள் நாடா போட்டா அந்த ஆளு தண்ணியை ஊத்தி ஊத்தியே என் பொழைப்பைக் கெடுக்கிறாரு. பச்சைன்னா கண்ணை மூடிக்கிட்டு மூட்டையில போடுறாரு. நான் என்னக்கா பண்ணட்டும்? நிமிஷத்துக்கு எழுபது பைன்னு செவுத்துல ஒட்டியிருக்காரு முதலாளி. நீ நாப்பத்தஞ்சு ஓட்டினா, தண்ணியக்கா நிதானம்ங்கிறாங்க. நான் ஓட்டினா சோம்பேறிங்கிறாங்க."

"அதனால என் பேரைத் திருடினியா?"

"பேரா? நாடாக்கா அது! கடையில முழக் கணக்குல விக்கிற நாடா!"

"அந்த நாடாவுக்குப் பின்னாடி என் கை வெந்து கிடக்குடா! உனக்கு வேலை கேட்டு அந்த ஆளு முன்னாடி நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேனே, அதுக்கு நீ செஞ்ச மரியாதையா இது?"

"மெதுவாடி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் போவுது," என்றாள் அம்மா. அப்புறம், குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற குரலில், "அவன் பிள்ளைகுட்டிக்காரன். வேலை போனா நாலு வயிறு காயும். நீ ஒண்டிக்கட்டை. நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டுப் போயேன். கழிவு ரூமுன்னா உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே? உனக்குக் கால்வலியும் குறையும்."

அவள் அம்மாவையே பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. எரிமலையாக வேறொன்றுதான் வந்தது.

"எனக்குக் கால்வலின்னு உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம்மா? பதினேழு வருஷமா நின்னுகிட்டு இருந்தேனே, ஒரு நாளாவது, உக்காருடின்னு சொல்லியிருக்கியா? உன் பிள்ளைக்கு வேர்க்குதுன்னு விசிறு, நல்லா விசிறு. ஆனா அவன் செஞ்ச பாவத்தை என் தலையில கட்டாதே. நான் ஒண்டிக்கட்டைதான். என்கிட்ட இருக்கிறது அந்த மெஷினும் என் பேரும்தான். அதையும் பிடுங்கி அவனுக்கு ஊட்டிவிடப் பார்க்கிறியே, நீ பெத்த தாய்தானா?"

அம்மாவின் விசிறி நின்றுபோனது. தண்ணியக்கா பையை எடுத்து மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினாள். "கையைக் கழுவு. ரெண்டு மணிக்கு முன்னாடி பட்டறைக்குப் போறோம். நீயே உன் வாயால சொல்லு."

அவன் சொல்லவில்லை. முதலாளி, மீன்பண்ணைக்காரர், மூட்டை கட்டுகிற அண்ணன் எல்லாரும் நிற்க, அவன் கூரையில் ஓட்டை தேடுகிறவன் மாதிரி அண்ணாந்து நின்றான். அவள் முப்பது எண்ணுகிற நேரம் பொறுத்தாள். அப்புறம் அவளே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"அடிப்பாவி, சொந்தத் தம்பி மேலேயே பழி போடுறியா?" என்றார் முதலாளி.

"பழியா இல்லையான்னு மெஷின் சொல்லும்."

காலையில் தான் கழற்றிப் போட்ட பழைய துணியைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். முதலில் புதுத் துணியோடு நாற்பத்தைந்தில் ஓட்டி ஒரு பை எடுத்தாள். தண்ணீர் பிடித்து, "தொங்கவிட்டுப் பாருங்க" என்று மீன்பண்ணைக்காரர் கையிலேயே கொடுத்தாள். அவர் தூக்கிப் பிடித்தார், ஆட்டினார், அடியைக் கையால் தட்டினார். சொட்டு விழவில்லை. பிறகு கருகிய துணியை மாட்டி, வேகத்தை எழுபதில் வைத்தாள். மெஷின் தடதடவென்று பைகளைத் துப்பியது. அதில் ஒன்றை எடுத்து, இடுப்பில் இருந்த பையோடு சேர்த்து முதலாளிக்குக் காட்டினாள். இரண்டிலும் இடது ஓரத்தில் அதே முடிச் சுருக்கம். தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி மூச்சு விடுவதற்குள் மூலை பிளந்து, தண்ணீர் மொத்தமும் அவர் செருப்பை நனைத்தது.

யாரோ பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

மீன்பண்ணைக்காரர் சுவரைப் பார்த்தார். "எழுபதுன்னு எழுதினது யாரு?" என்று கேட்டார்.

முதலாளி செருப்பை உதறியபடி, "அதெல்லாம் ஒரு கணக்குக்கு..." என்று இழுத்தார். பிறகு தம்பியைக் கை காட்டினார். "இவனை இப்பவே நிறுத்திடறேன். விஷயம் முடிஞ்சுது."

"முடியல," என்றாள் அவள். "பச்சை நாடா கட்டினது அவன் தப்பு. எழுபதுன்னு ஒட்டினது உங்க தப்பு. போன மாசமே சொன்னேன், ஓரம் ஒட்டாதுன்னு. உனக்கென்ன தெரியும்னு சிரிச்சீங்க. காலையில என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்காம இத்தனை பேரு முன்னாடி என் மேல பையை விட்டெறிஞ்சீங்க. இத்தனை பேரு முன்னாடியே, தப்புன்னு சொல்லுங்க. இல்லேன்னா எனக்கும் இந்த மெஷினுக்கும் இன்னியோட சரி. எழுபதுல நீங்களே நின்னு ஓட்டிக்கங்க."

"இந்தம்மா ஓட்டுற பை வந்தா வாங்குறேன். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கிறேன்," என்றார் மீன்பண்ணைக்காரர், அலட்டிக்கொள்ளாமல்.

முதலாளி, "தப்புதாம்மா," என்றார். சுவரிலிருந்த தாளை அவரே கிழித்தார்.

மூட்டை கட்டுகிற அண்ணன் தலையைக் குனிந்து, "பார்க்காம விட்டது என் குத்தமும்தான், தங்கச்சி," என்றார்.

"விட வச்சது நான்தாண்ணே. இனிமே என் கட்டையும் பிரிச்சு ஊத்திப் பாருங்க. யாரு கட்டுன்னு பார்க்காதீங்க."

தம்பியை நிறுத்த அவள் விடவில்லை. தயவு என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வந்த மூட்டைகளை எல்லாம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு பையிலும் தண்ணீர் ஊற்றி, ஒழுகுவதை ஒழுகாததிலிருந்து பிரிக்கச் சொன்னாள். ஆயிரக்கணக்கான பைகள். முடிகிறவரை அவன் மெஷினைத் தொடக் கூடாது.

வெயில் சாய்வதற்குள் அவன் சட்டை முழுக்க நனைந்து, விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவன் ஷிப்டையும் அவளே நின்று ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்னூறாவது பையோ நானூறாவதோ, அதைக் கையில் பிடித்தபடி அவன் திரும்பினான்.

"எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டியேக்கா. தனியா நாலு அறை விட்டிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன்."

"தனியாத்தானே முதல்ல கேட்டேன்? நாடாதானேன்னு சொன்னே."

"நான் வேணா உன் கால்ல..."

"வேண்டாம்." அவள் கண் ஓடுகிற மடிப்பை விட்டு அசையவில்லை. "என் கோபம் எப்போ ஆறும்னு எனக்கே தெரியாது. ஆறினா நானே சொல்றேன், அதுவரைக்கும் என்கிட்ட மன்னிப்புக் கேட்காதே. அந்தப் பையில பாதிதான் ஊத்தியிருக்கே. கழுத்து வரைக்கும் ஊத்து."

அவன் குழாயைத் திறந்தான்.