எங்களுக்கு மட்டும் தெரிந்த கடை

யுத்த காலத்தில் திருகோணமலையில் யாரும் பார்சலை ஒட்டுவதில்லை. ஒட்டினால் சோதனைச் சாவடியில் கத்தியால் கிழிப்பார்கள். சணல் கயிற்றால் சுருக்குப் போட்டுக் கொண்டுபோவோம். அவர்கள் அவிழ்த்துப் பார்த்தபின் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். அக்கா தைத்த குழந்தைச் சட்டைகளையும் அப்படித்தான் அனுப்பினோம்.

கொழும்பிலிருந்து நடந்த ஓர் இணையச் சந்தையில் அக்காவுக்கு நான்தான் கடை திறந்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலம் வாசிப்பதும் படம் ஏற்றுவதும் என் பொறுப்பு. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை, அக்காவின் புருஷன், அத்தான், வீட்டில் இருந்தார். அந்தச் சட்டைகளால்தான் எங்கள் லிங்கநகர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வாங்கியவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். 'பார்சல் திறந்து கிடந்தது.' 'யாரோ பாவித்த உடுப்பு.' தையலைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. கயிறு ஏன் என்று பதில் எழுத அங்கே இடமே இருக்கவில்லை.

பிறகு ஓடர் வருவதே நின்றுவிட்டது. துறைமுகப் பக்கம் தொலைபேசியும் இணையமும் வாடகைக்குக் கிடைக்கும் கொமினிகேசனில் போய்ப் பார்த்தேன். என் கணக்கில் கடை அப்படியே இருந்தது, சட்டைகள் வரிசையாகத் தொங்கின. முதலாளியை அவருடைய கணினியில் தேடச் சொன்னேன்.

"தம்பி, அப்பிடி ஒரு கடையே இல்லை."

"இந்தா, என்ர திரையில கிடக்குதண்ணை."

"அப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரியுது." சிரித்தார். "வெள்ளை வான் கொண்டுபோட்டுதாக்கும்."

தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தினாள். முதலாளி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போன காலம் அது.

நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். அனுப்பிய கையோடு பதில் வந்தது: 'உங்கள் கடை வழமைபோல் இயங்குகிறது.' மறுபடி எழுதினேன். எழுத்து மாறாமல் அதே பதில். நட்சத்திரம் குறைந்தால் தண்டனை கொடுக்கட்டும். ஆனால் தண்டித்திருக்கிறோம் என்றாவது சொல்ல வேண்டாமா? காணாமல் போனவரைத் தேடிப் போகிறவர்களுக்கும் அந்த நாட்களில் இப்படித்தான் பதில் கிடைத்தது.

"இண்டைக்கு ஆரும் வந்ததோ?" என்று அக்கா கேட்பாள்.

அன்றன்று கடைக்கு வந்தவர் எண்ணிக்கை எப்போதும் ஒன்று என்றே காட்டும். "ஓம், ஒரு ஆள்." அவள் முகம் கொஞ்சம் தெளியும். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் ஆமியின் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. ஊரே அடைந்து கிடந்தது, நான் வெளிக்கிடவில்லை. மறுநாள் கடையைத் திறந்தபோது, முந்தைய நாள் கணக்கிலும் ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொரு சட்டையையும் பெரிதாக்கிப் பார்த்திருந்தார். எதையும் வாங்கவில்லை. தேடினால் கிடைக்காத கடைக்குள் அவர் எப்படி நுழைந்தார்?

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெசின் நின்றது.

"ஆர் பாக்கிறது எண்டு தெரியாத இடத்தில பிள்ளையளின்ர சட்டையைத் தொங்கவிட ஏலாது. கழட்டடா."

"இன்னொருக்கா எழுதிப் பாப்பம் அக்கா."

"ஆருக்கு எழுதப் போறாய்?"

கொமினிகேசனுக்குத் திரும்பிப் போனேன். அன்றே படங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏன் எடுக்கிறாய் என்றுகூட அந்தக் கடை கேட்கவில்லை.

மிஞ்சிய சட்டைகளை அக்கா சந்தையில் ஒரு துணிக்கடைக்குக் கொண்டுபோனாள். வந்ததும் வராததுமாகப் பையை எறிந்தாள்.

"கழுத்துப்பட்டி கோணலாம்! மூஞ்சிக்கு நேர சொல்லுறான், விசரன். நானும் விடேல்லை, நல்லா ஏசிப்போட்டன்."

"பிறகு?"

"திருத்திக் கொண்டுவரட்டாம், எடுக்கிறானாம்."

திட்டிக்கொண்டே மெசினுக்கு முன்னால் இருந்தாள், முதல் சட்டையின் கழுத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.