சாரதியின் பெயர்: முத்துமாரி

போன வருடம் சித்திரைத் திருவிழாக்கள் ஓய்ந்த கையோடு ஹட்டனில் தொடங்கி, மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்துச் சரிவில் முடிந்த கதை இது. டவுனில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் சின்னக் கிளையில் எனக்கு வேலை. வண்டி அடிபட்டவர்கள் வந்து சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். என் அம்மா ஊரெல்லாம் "மகன் இன்சூரன்ஸ் ஆபிசர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் நான் கட்டம் நிரப்புகிறவன். திரையில் கட்டம் கட்டமாக வரும். ஒன்றை வெறுமையாக விட்டாலும் அது சிவந்து போய் அடுத்த பக்கத்துக்கு விடாது. அந்தச் சிவப்புக்கு நான் என் மேனேஜருக்குப் பயப்படுவதைவிட அதிகம் பயப்படுவேன்.

கட்டங்களிலேயே பொல்லாதது 'விபத்துக்கான காரணம்'. அதில் நாமாக எதையும் எழுத முடியாது. வேறொரு வாகனம், மிருகம், மரம் விழுதல், மண்சரிவு, தீ என்று ஒரு வரிசை இறங்கும். அதில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருக்கும். அதை எங்கள் கிளையில் யாரும் தொட மாட்டோம். 'மற்றவை' என்று போட்ட கோப்பு கொழும்பில் ஒரு தனி வரிசைக்குப் போகும், அங்கே போனது திரும்பி வராது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் எங்கள் கிளையில் ஆட்டோவின் மேல் பலாப்பழம் விழுந்தால் அது 'மரம் விழுதல்'. குளவி கலைந்து, ஓட்டுகிறவர் ஆட்டோவை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்டால் அது 'மிருகம்'. குளவியை மிருகமாக்கிய பெருமை எனக்குத்தான்.

அப்படி நான் கெட்டிக்காரனாக இருந்த ஒரு காலையில்தான் அந்த ஆட்டோக்காரப் பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளை மஸ்கெலியாப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குகிறவர். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்ட வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆட்டோ முன்பக்கம் நசுங்கிக் கராஜில் நின்றது.

"எதுல மோதினீங்க தங்கச்சி?"

"நான் மோதலண்ணே. நான் நிப்பாட்டித்தான் வச்சிருந்தேன். அது வந்து மோதிருச்சி."

"எது?"

கொஞ்சம் தயங்கினார். "தேரு."

நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் தேர்தான். தோட்டத்துக் கோயிலின் முத்துமாரியம்மன் தேர், மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து கீழே இறங்கும் சரிவில் சறுக்கி வந்து, சரிவின் அடியில் நின்ற ஆட்டோவை இடித்திருக்கிறது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றுமில்லை. முன்னால் வடம் பிடித்தவர்கள் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டார்கள். பூசாரி கானுக்குள் குதித்துவிட்டார். அம்மன் தலையிலிருந்து ஒரு பூகூட விழவில்லையாம்.

காரணக் கட்டத்தில் தேர் இல்லை. 'மற்றவை' போட எனக்குத் துணிவில்லை. யோசித்துப் பார்த்தேன். தேருக்குச் சக்கரம் இருக்கிறது, ரோட்டில் போகிறது. ஆகவே 'வேறொரு வாகனம்'. உடனே புதிதாகச் சில கட்டங்கள் திறந்துகொண்டன. அந்த வாகனத்தின் சாரதியின் பெயர் என்ன, தொலைபேசி எண் என்ன என்று கேட்டது. கோடு போட்டேன், சிவந்தது. புள்ளி வைத்தேன், சிவந்தது. எனக்குள் இருக்கும் குரங்கு அப்போது விழித்துக்கொண்டது. சாரதியின் பெயர் என்ற இடத்தில் 'முத்துமாரி' என்று அடித்தேன். தொலைபேசிக்குக் கோயில் கமிட்டித் தலைவரின் எண்ணை அந்தப் பெண்ணிடமே கேட்டுப் போட்டேன். கட்டங்கள் பச்சையாகின. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு மிஸ் சிங்களத்தில் பேசினார்.

"முத்துமாரி நோனாவோட லைசன்ஸ் கொப்பி இதுல இல்லையே?"

நான் யோசிக்காமல், "அவங்களுக்கு லைசன்ஸ் கிடையாது மிஸ்" என்றேன்.

"லைசன்ஸ் இல்லாமலா வாகனம் ஓட்டினாங்க?"

"வருஷா வருஷம் அப்படித்தான் மிஸ்."

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மத்தியானம் பார்த்தால் கோப்பின் நெற்றியில் 'விசாரணைக்காக நிறுத்தப்பட்டுள்ளது' என்று விழுந்திருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மென்பொருள் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சாரதி என்று பதிந்த எண்ணுக்குத் தானாகவே ஒரு செய்தியும் அனுப்பிவிட்டது. முத்துமாரி அவர்களே, உங்கள் வாகனம் ஏற்படுத்திய விபத்து தொடர்பாக உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் உடனே சமுகமளிக்கவும், தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று. கமிட்டித் தலைவர் அதைக் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நின்ற இடத்தில், சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அந்தப் பெண் எனக்குப் போன் எடுத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்ணே, நீங்க என்ன எழுதினீங்க? நான் ஆத்தா மேல கேஸ் போட்டுட்டேன்னு தோட்டமே பேசுது. பிள்ளைங்கள வேற ஆட்டோவுல அனுப்புறோம்னு ரெண்டு வீட்டுல சொல்லிட்டாங்க. மத்தவங்களும் சொன்னா, ஆட்டோ திரும்பி வந்தாலும் ஏத்த ஆள் இல்லண்ணே. மறுபடி கூடையைத்தான் தூக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். நீர்த்தேக்கத்தின் மேல் பனி கிடந்தது. வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன்: மென்பொருளின் தொழில்நுட்பச் சிக்கல் காரணமாக என்று தொடங்கும் அழகான பேச்சு. கோயில் படியில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்த விதத்தையும் ஓரமாக அந்தப் பெண் நின்ற விதத்தையும் பார்த்ததும் பேச்சு மறந்துவிட்டது.

"அது நான் அடிச்சதுங்க. இந்தத் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

கமிட்டித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஆத்தாவ டிரைவராக்குனது நீங்களா?"

"ஆமாங்க."

பின்னாலிருந்து ஒருவர், "ஆத்தா ஓட்டுனா ஏன்யா இடிக்குது? இந்தத் தம்பிதான் ஓட்டியிருப்பாரு" என்றார். ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, கடைசியில் தலைவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிளாஸ்டிக் கதிரை ஒன்று எனக்குப் பின்னால் வந்தது. தேத்தண்ணியும் வந்தது.

அந்த இடத்தில் நான் மன்னிப்போடு கிளம்பியிருக்கலாம். ஆனால் பஸ்ஸிலேயே ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. வருடா வருடம் அதே சரிவில் இறங்குகிற தேர் இந்த வருடம் மட்டும் ஏன் சறுக்கியது? கேட்டேன். கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பனியில் ரோடு வழுக்கியது என்றார் ஒருவர். தேரின் அடிச்சட்டம் பழைய டிரக்டர் பெட்டியில் செய்தது, அதற்குப் புது டயர் போட்டதுதான் வினை என்றார் இன்னொருவர். "புது ஆட்டோ. ஆத்தா கிட்ட வந்து பார்க்கணும்னு ஆசப்பட்டிருக்கு" என்றார் ஒரு அக்கா.

"பார்த்ததுக்கே முன்பக்கம் போயிருச்சேக்கா" என்றார் ஆட்டோக்காரப் பெண்.

மலையில் தேர் இழுப்பது சமதரையில் இழுப்பது மாதிரி இல்லை. மேட்டில் முன்வடக்காரர்கள் இழுக்க வேண்டும். இறக்கத்தில் முன்வடத்துக்கு வேலையே இல்லை. தேருக்குப் பின்னால் கட்டிய வடத்தைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, தேரை விடாமல் பின்னுக்கு இழுத்தபடியே இறக்க வேண்டும். அதற்கென்று தோட்டத்திலேயே பலசாலிகளைப் பார்த்துப் போடுவார்கள். அவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"வடத்த யாராச்சும் விட்டீங்களா?"

"விடலைங்க." ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரியும் இல்லை.

"அப்போ ஒருக்கா செஞ்சு காட்டுறீங்களா?" என்றேன். இப்படிக் கேட்கிற அளவுக்கு எனக்கு அறிவு குறைவு.

தேரின் மேற்கட்டை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்கள், கொட்டகையில் வெறும் சட்டம்தான் நின்றது. அம்மன் ஏறாத சட்டத்தை வெளியே எடுப்பதில் குற்றமில்லை என்று பூசாரி சொன்னார். பாரத்துக்கு மண் நிரப்பிய உரப் பைகளை ஏற்றினோம். ஆட்டோ நின்ற இடத்தில் என் பிளாஸ்டிக் கதிரையை வைத்தார்கள். பின்வடத்தில் நானும் ஒரு ஆளாகப் போய் நின்றேன். கமிட்டித் தலைவர் சரிவின் அடியில் நின்று போனில் வீடியோ எடுத்தார், சாட்சிக்கு. பூசாரியிடம், அன்றைக்கு எங்கே நின்றாரோ அங்கேயே நிற்கச் சொன்னேன். அவர் இறங்கிப் போய்க் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு என்ன செய்தாரோ அதையே செய்யச் சொன்னேன்.

வடம் உள்ளங்கையை அறுத்தது. சட்டம் கழுதை மாதிரி முன்னுக்கு இழுத்தது. பாதிச் சரிவு வந்திருப்போம். கீழே மணி அடித்தது. தட்டில் சூடம் பற்றிக்கொண்டு எழுந்தது.

பிறகு நடந்தது என்னவென்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வடத்தை விட்ட ஞாபகம் எனக்கு இல்லை. இன்றுவரை இல்லை. ஆனால் என் இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் குவிந்திருந்தன. பக்கத்தில் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். வடம் தரையில் பாம்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சட்டம் கதிரையைத் தொடவில்லை. சக்கரத்தோடு கூடவே நடந்து வந்த அந்த ஆட்டோக்காரப் பெண், கையில் வைத்திருந்த கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு ஒதுங்கினார். மலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கும் கல்தான். சட்டம் ஒரு குலுக்கலோடு நின்றது.

"எனக்கும் பக்தி இருக்குண்ணே. ஆனா கும்பிடுறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக் போடணும்" என்றார்.

பூசாரிதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வழக்கமா லயத்து வாசல்ல, சமதரையிலதான் சூடம் காட்டுவேன். சரிவுல காட்டுறதில்ல. இந்த வருஷம் இந்தப் புள்ள ஆட்டோவுக்கு ஒரு சூடம் காட்டச் சொல்லிச்சி. தேரு வர்ற நேரம் பார்த்துக் காட்டுனேன்."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "நான்தான் கேட்டேன்" என்றார்.

கமிட்டித் தலைவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "கேட்டதும் தப்பில்ல. காட்டுனதும் தப்பில்ல. கும்பிட்டதும் தப்பில்ல. இப்போ நீங்க என்ன தம்பி எழுதப் போறீங்க?"

அதைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கி வைத்தேன். ஆனால் அன்று அங்கே நின்ற யாரும் அதற்குப் பிறகு ஆத்தா மேல் கேஸ் என்று பேசவில்லை. பிள்ளையை வேறு ஆட்டோவில் அனுப்புவதாகச் சொன்ன அந்த இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் பின்வடத்தில் எனக்குப் பக்கத்தில்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஆட்டோ எப்போது வரும் என்று அந்தப் பெண்ணிடம் அவரே கேட்டார்.

திங்கட்கிழமை முத்துமாரியை அழித்தேன். காரணக் கட்டத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, 'மற்றவை' என்பதை அமுக்கினேன். பக்கத்து மேசைக்காரர் எனக்காகப் பரிதாபப்பட்டார். 'தேரைப் பிடித்திருந்தவர்கள் சூடத்தைக் கண்டு கும்பிட்டார்கள்' என்று குறிப்பில் எழுதி, தலைவரின் வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த நாளே போன் வந்தது. அதே கொழும்பு மிஸ்.

"வீடியோ பார்த்தேன். சூடம் ஏத்துற வரைக்கும் நல்லா இருக்கு. அதுக்குப் பிறகு கேமரா ஏன் வானத்தைப் பார்க்குது?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. போட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது, சூடம் எழுகிறது, அதோடு படம் ஆடி, மேகம் மட்டும் தெரிகிறது. போன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது.

"எடுத்தவரும் கும்பிட்டுட்டாருங்க மிஸ்."

அவர் சிரித்த சிரிப்பில் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பன்சலையில் புத்தருக்குப் பூ வைக்கும்போது தானும் ஒருமுறை கையிலிருந்த குடையை விட்டு யாரோ ஒருவரின் காலில் போட்டதாகச் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அந்த 'மற்றவை' வரிசையைப் பார்க்கிறவரே அவர்தானாம். வருவதை அன்றன்றைக்கே பார்த்து முடித்துவிடுவாராம்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றார். "ஹட்டன்ல இருந்து இதுக்கு ஒண்ணுமே வந்ததில்ல. உங்க ஊர்ல வேற மாதிரி எதுவுமே நடக்காதா?"

என் குளவிகளையும் பலாப்பழங்களையும் நினைத்துக்கொண்டு, "இனிமே வரும் மிஸ்" என்றேன்.

கிளெய்ம் அந்த வாரமே கிடைத்தது. ஆட்டோ கராஜிலிருந்து இறங்கியது. பிள்ளைகள் மறுபடி அதில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள்.

இந்த வருடம் திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். உரிமையோடு பின்வடத்துக்குப் போனேன். கமிட்டித் தலைவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நீங்க சூடத்தப் பார்த்தா விட்டுருவீங்க தம்பி" என்று சொல்லி, ஆட்டோக்காரப் பெண்ணின் கல்லை வாங்கி என் கையில் கொடுத்துச் சக்கரத்தோடு நடக்கச் சொன்னார். லயத்து வாசலில் சூடம் எழுந்தபோது என் கைகள் வழக்கம்போலக் குவியப் பார்த்தன; நடுவில் கல் இருந்தது. இப்போதெல்லாம் திரையில் 'காரணம்' என்ற கட்டம் வரும்போது அந்தக் கல்லின் கனம் கைக்கு வந்துவிடுகிறது; எதையாவது தெரிவு செய்வதற்கு முன்னால், எதிரே இருப்பவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.