சிரிப்பக்காவின் பாஸ்போர்ட் முகம்

என் வீட்டுக்காரிக்கு ஊருல ஒரே பேருதான், சிரிப்பக்கா. வயசுல அவளைவிடப் பெரியவங்களும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு ஆயா வேலை. வலியில கத்துற பொண்ணுங்க பக்கத்துல போய் நின்னு சிரிப்பா. "இந்த ஆயாவை முதல்ல வெளிய அனுப்புங்க"ன்னு ஒரு தடவை பெரிய டாக்டரம்மா சத்தம் போட்டாங்களாம். கட்டில்ல கிடந்த பொண்ணு இவ கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, "அவங்க போனா நானும் எந்திரிச்சுப் போயிடுவேன்"னு சொல்லிடுச்சாம். அதுக்கப்புறம் யாரும் வாயத் திறக்கிறதில்ல.

நான் அப்படி இல்ல. நான் பஸ்ல டிக்கெட் பரிசோதகர். மூஞ்சியில கொஞ்சம் இளக்கம் தெரிஞ்சாப் போதும், டிக்கெட் எடுக்காதவன் "அண்ணே, அண்ணே"ன்னு தோள்ல கையப் போட்டுடுவான். அதனால சர்வீஸ் முழுக்க மூஞ்சிய இறுக்கியே வெச்சுப் பழகிட்டேன். எங்க கல்யாண போட்டோவுல அவ வாயெல்லாம் பல்லா நிக்கிறா. நான் பக்கத்துல, யாரோ டிக்கெட் எடுக்காம ஏறிட்ட மாதிரி நிக்கிறேன்.

அவ சந்தோஷத்துல சிரிக்கிறது பரவாயில்ல, சகிச்சுக்கலாம். பயம் வந்தா அதைவிட ஜாஸ்தியாச் சிரிப்பா, அதுதான் தலைவலி. அவங்கப்பா செத்த அன்னிக்குக் கண்ணுல தண்ணி கொட்டக் கொட்டச் சிரிச்சா. சொந்தக்காரங்க வாய்ல விழுந்து எந்திரிக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. "கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதாடி?"ன்னு கேட்டா, "அடக்கினா விக்கல் வருதுங்க"ங்கிறா. இவளோட எப்படி மல்லுக்கட்டுறது?

எங்களுக்கு ஒத்தப் பொண்ணு. கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை பார்க்குறா. போய் நாலு வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட வர முடியல. லீவு கேட்டா 'ஒரேயடியாப் போயிடு'ன்னுடுவாங்களாம். போன்ல கூப்பிடுவா. நான் "சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு போனை அவங்கம்மா கையில கொடுத்துட்டு வெளிய போய் நின்னுக்குவேன். பேசத் தெரியாது எனக்கு. ஆனா அவ ரூமை தினமும் பெருக்குறது நான்தான். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

"நீங்க ரெண்டு பேரும் வாங்கப்பா, டிக்கெட் நான் எடுக்கிறேன்"னு அவதான் சொன்னா. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனோம். பல்லு தெரியக்கூடாது, உதடு விரியக்கூடாதுன்னு ஸ்டூடியோக்காரர் சொன்னார். சொன்னதுதான் தாமதம், இவ ஆரம்பிச்சுட்டா. "அக்கா, என் பொழப்பக் கெடுக்காதீங்க, இன்னொரு நாள் வாங்க"ன்னு கும்பிட்டு அனுப்பிட்டார். அடுத்த வாரம் இவளுக்குக் கடவாய்ப்பல் வலி வந்துச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல, கன்னம் வீங்கிக் கிடந்தா. இதை விட்டா வேற சந்தர்ப்பம் கிடைக்காதுன்னு விடிஞ்சதும் இழுத்துட்டுப் போய் எடுத்துட்டேன். போட்டோவுல அவ, பொறந்ததுல இருந்து சிரிச்சே அறியாத யாரோ ஒரு பொம்பளை. "யாருங்க இந்த மூதேவி?"ன்னு அவளே கேட்டுட்டு, அதுக்கும் சிரிச்சா. நான் சாமர்த்தியசாலின்னு நெஞ்ச நிமிர்த்திக்கிட்டேன். என் சாமர்த்தியத்துல தீய வெக்க.

விமானம் காலையில போய் இறங்குச்சு. மகளைப் பார்க்கப் போறோம்ங்கிற சந்தோஷம், முதல் தடவை பறந்த பயம், ரெண்டும் சேர்ந்து அவளுக்கு. இறங்கி நடந்து, குடியுரிமை சோதனைக் கூடத்துக்குள்ள நுழையும்போதே குலுங்கிக்கிட்டு வர்றா. நாடா கட்டின வரிசை பாம்பாட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகுது. முன்னாடி கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொண்ணுலயும் ஒரு அதிகாரி. தரையில மஞ்சக் கோடு. ஒவ்வொருத்தரா வரணும்னு கையக் காட்டுறாங்க.

"நான் முன்னாடி போறேன். என்னைப் பார்த்துக்கிட்டே இரு. நான் எப்படி நிக்கிறேனோ அப்படியே நில்லு"ன்னு சொல்லிட்டுப் போனேன்.

கூண்டுல இருந்தவன் சின்ன வயசு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரன். மூஞ்சியில ஒரு சிரிப்புக் கீத்துகூட இல்ல. எனக்கு அவனை உடனே பிடிச்சுப்போச்சு. வளைஞ்ச கம்பிக் கழுத்துல ஒரு கேமரா, என்னைப் பார்த்துச்சு, பச்சை விளக்கு எரிஞ்சுது. என் விரலைப் பதிய வெச்சான், முத்திரை குத்தினான், போன்னான். கூண்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னேன். இவ வந்தா.

அவன் ஏதோ கேட்டான். அவன் பேசுறது இங்கிலீஷ். பஸ்ல பலதரப்பட்ட ஜனங்க கிட்டப் பேசிப் பழகினதுல எனக்கு ஓரளவு புரியும். இவளுக்குச் சுத்தமாப் புரியாது. புரியாததுக்கும் சேர்த்துச் சிரிச்சா. கேமரா பார்த்துச்சு, சிவப்பு விளக்கு எரிஞ்சுது. மறுபடி பார்த்துச்சு, மறுபடியும் சிவப்பு.

"சிரிக்காம நிக்கச் சொல்லுங்க"ன்னு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஏய், வாய மூடுடி"ன்னேன். மூடினா. மூடின வாய்க்குள்ள சிரிப்பு முட்டி, கன்னம் ரெண்டும் உப்பி, தோள் குலுங்கி, கடைசியில 'புர்'ருன்னு வெடிச்சுது. பின்னாடி வரிசையில கோட்டு போட்ட ஒரு ஆளு சிரிச்சுட்டார். அவரைப் பார்த்து அவர் சம்சாரம் சிரிக்க, அப்படியே வரிசை பூரா பரவிடுச்சு. எனக்கு மானம் போகுது.

"ஏதாவது துக்கமா நினைச்சுக்கோ! எங்கம்மாவ நினைச்சுக்கோ!"ன்னேன்.

அது நான் பண்ண பெரிய தப்பு. எங்கம்மாவுக்கும் இவளுக்கும் நடந்த கூத்தெல்லாம் ஞாபகம் வந்து, கூண்டுப் பலகையைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சா. தொடையக் கிள்ளிக்கிறா, உதட்டைக் கடிச்சுக்கிறா, ஒண்ணும் வேலைக்கு ஆகல. அந்தச் சின்ன அதிகாரிகூட முகத்தைக் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டான். ஒரு நிமிஷம் கழிச்சு வெளிய வந்தப்போ பழையபடி விறைப்பு. பாஸ்போர்ட் போட்டோவைப் பார்க்கிறான், இவளைப் பார்க்கிறான். வீங்கின கன்னம் எங்கே, இந்த மூஞ்சி எங்கே. அவன் மேல குத்தமே சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் இறக்கிவிட்டிருப்பேன்.

மேலதிகாரியம்மா வந்தாங்க. கண்ணாடியை மூக்குல இறக்கிவிட்டுக்கிட்டுப் போட்டோவைப் பார்த்தாங்க. அவங்க நிதானமாத்தான் பேசினாங்க. அதுதான் என்னை உலுக்கிடுச்சு. "போட்டோவுல இருக்கிறவங்களும் இவங்களும் ஒரே ஆளுன்னு இயந்திரம் ஒத்துக்கல. விரல் ரேகையை இப்போதான் முதல்தடவையா எடுக்கிறோம், ஒப்பிட்டுப் பார்க்க முகம் ஒண்ணுதான் இருக்கு. இவங்களை உள்ளே ஒரு அறையில உட்கார வைப்போம். அப்பவும் சரியா வரலேன்னா இதே விமானத்துல திருப்பி அனுப்பிடுவோம்"னாங்க. என்னைப் பார்த்து, "உங்களுக்கு முத்திரை குத்தியாச்சு. நீங்க போகலாம்"னாங்க.

போகலாம். மக ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறா. நாலு வருஷம் கழிச்சு, கூப்பிடு தூரத்துல. என் கால் நகரல.

இவளுக்கு என்ன சொன்னாங்கன்னு புரியல. ஆனா ஏதோ விபரீதம்னு புரிஞ்சுபோச்சு, முகம் வெளுத்துப் போய் இன்னும் பலமாச் சிரிச்சா. கையைப் பிசையுறா, சிரிக்கிறா. ஒரு காவலர் வந்து அவ தோளை மெல்லத் தொட்டு, அந்தப் பக்கம் வரச் சொல்லிக் கையக் காட்டினார்.

எனக்கு என்ன ஆச்சுன்னு இப்பவும் தெரியல. நம்ம பேச்சுலயே கத்திட்டேன், கூடமே திரும்பிப் பார்க்க.

"நீ இல்லாம நான் மட்டும் எங்கடி போறது? போய் அந்தப் புள்ள முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது? நீ திரும்பிப் போனா நானும் வர்றேன். இந்தப் பாழாப்போன சிரிப்பக் கேக்காம எனக்கு ஒரு நாள்கூட விடியாதுடி!"

சொல்லும்போதே குரல் உடைஞ்சுபோச்சு. அழுதேன். துடைக்கக்கூடத் தோணல, கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடுக் கூடத்துல நின்னு சின்னப் புள்ள மாதிரி அழுதேன்.

அவ சிரிப்பு குழாயை மூடின மாதிரி நின்னுடுச்சு.

"ஏங்க, என்னங்க ஆச்சு? ஏன் அழறீங்க?"ன்னு கேட்டா. கண்ணு என் மேலயே நிக்குது. உதடு மூடிக்கிச்சு. அவகூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன் நான், அந்த முகத்தை அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. பல்வலி முகம் இல்ல அது. எனக்காகப் பதறின முகம். இப்படி ஒண்ணு அவகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது.

சின்ன அதிகாரி பலே ஆளு. எட்டி கேமராக் கழுத்தை அவ பக்கம் திருப்பினான். பச்சை விளக்கு எரிஞ்சுது.

வரிசையில யாரோ கை தட்டினாங்க. மேலதிகாரியம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நடையக் கட்டினாங்க. முத்திரை விழுந்துச்சு. பாஸ்போர்ட்டை நீட்டும்போது அவன் என்கிட்ட மெல்லக் கேட்டான், "அப்படி என்ன சொன்னீங்க?"

"சும்மா ஒரு அதட்டல் போட்டேன்"னேன்.

"அடிக்கடி அதட்டுங்க"ன்னான்.

பெட்டி வர்ற பட்டைகிட்டப் போய் நின்னோம். சனியன், அதுக்குள்ள பழையபடி ஆரம்பிச்சுட்டா.

"அங்க என்னமோ சொன்னீங்களே?"

"பெட்டியப் பாரு. பச்சை நாடா கட்டினது."

"இல்ல, விடியாதுன்னு ஏதோ காதுல விழுந்துச்சு. இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்."

"அடியே, பெட்டி போகுது பாரு!"

பெட்டி போயே போயிடுச்சு. அது ஒரு சுத்து சுத்தி வர்ற வரைக்கும் என்னை வறுத்து எடுத்துட்டா.

சுங்கச் சோதனையில எங்களை விட்டிருப்பாங்க. "ஏதாவது தின்பண்டம், செடி, விதை இருக்கா?"ன்னு கேட்டதுக்கு நான் இல்லைன்னேன். இவ சிரிச்சா. பிடிச்சது வினை. பெட்டியை மேசை மேல தூக்கி வைங்கன்னுட்டார் அந்தப் பெரியவர். ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொரு துணியா எடுத்தார். அடியில ஒரு சேலையில சுத்தி, அதுக்கு மேல இன்னொரு சேலை சுத்தி ஒரு பொதி. எனக்கே அது என்னன்னு தெரியாது. அவர் பிரிக்கப் பிரிக்க நான் எட்டி எட்டிப் பார்க்கிறேன். கடைசியில பார்த்தா, பழைய தலையணை. மகளோடது. உறையில எண்ணெய்க் கறை.

அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், இயந்திரத்துக்குள்ள ஒரு தடவை அனுப்பிப் பார்த்தார். "இதை எதுக்கு இவ்வளவு தூரம்?"னு கேட்டார்.

"மக தூங்குறதுக்கு"ன்னேன்.

தலையணையை அவரே சேலையில சுத்த ஆரம்பிச்சார். பாவம், சுத்தத் தெரியல. இவ வாங்கிச் சுத்திக் காட்டினா, அவரும் சிரிச்சுட்டார்.

கதவு தானாத் திறந்துச்சு. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம். எங்க பொண்ணு கம்பிக்கு அடியில குனிஞ்சு, யாரோ தடுக்கத் தடுக்க ஓடி வந்தா. இளைச்சிருந்தா. தலைமுடியக் குட்டையா வெட்டியிருந்தா. கையில அங்கங்க தீப்பொறி பட்ட தழும்பு. அம்மாவும் மகளும் கட்டிக்கிட்டுச் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நின்னவங்க எல்லாம் வழி விட்டாங்க.

"ஏம்மா இவ்வளவு நேரம்? கூட வந்தவங்க எல்லாரும் எப்பவோ போயிட்டாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு!"

"உங்கப்பா..."ன்னா இவ. சிரிப்பு வந்துடுச்சு. "உள்ள உங்கப்பா..." மறுபடியும் சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கையக் காட்டுறாளே ஒழிய, வாயில ஒரு வார்த்தை வரல. கண்ணு மட்டும் தாரை தாரையாக் கொட்டுது.

பொண்ணு என் பக்கம் திரும்பினா. "அப்பா, உள்ள என்ன ஆச்சு? என்ன சொன்னீங்க?"

அதட்டினேன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மக என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நாலு வருஷமாப் போன்ல "சாப்பிட்டியா?"ங்கிற ஒரே கேள்வியக் கேட்டுக் கேட்டு ஓட்டியாச்சு. போதும்னு தோணுச்சு.

"உங்கம்மாவைத் திருப்பி அனுப்பிடுவோம்னாங்க. அவ இல்லாம நான் எங்கயும் வர மாட்டேன்னு சொன்னேன்மா. இவ சிரிப்பக் கேக்காம எனக்கு விடியாதுன்னு சொன்னேன். உன்னைப் பார்க்காம இருந்த நாள் எல்லாம் வீட்டுல அது ஒண்ணுதான் எனக்குத் துணை. அதையும் சொல்லியிருக்கணும், அங்க விட்டுப்போச்சு."

குரல் உடையல. ரெண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமா இல்ல.

பொண்ணு என்னையே வெச்ச கண்ணு வாங்காமப் பார்த்தா. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு அவங்கம்மா பக்கம் திரும்பினா.

"அம்மா, உன்னைச் சோதிச்சதெல்லாம் சரி. இது நம்ம அப்பாதானான்னு உள்ள யாராவது ஒழுங்காப் பார்த்தாங்களா?"

"வழியில நிக்காதீங்க, வண்டியத் தள்ளுங்க ரெண்டு பேரும்"னேன்.