எண்ணெய்க் கிணற்றில் வந்த ஊதாத் தண்ணீர்

பேய், காத்து கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை, இப்போதும் இல்லை, அதனால்தான் இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

வளைகுடாவில் ஓர் எண்ணெய் வயலில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி கிடக்கிறது, குழாய் விட்டு உறிஞ்சுகிறோம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பாறையின் பொடித் துளைகளில் சிக்கிக் கிடக்கும், பின்னாலிருந்து ஏதாவது தள்ளினால்தான் வரும். முதலில் அதோடு இருக்கிற வாயுவே சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி தள்ளும், அடியில் இருக்கிற தண்ணீரும் மேலேறித் தள்ளும். அந்த அழுத்தம் குறைந்துபோனால் நாங்களே பக்கத்துக் கிணற்றில் தண்ணீரை இறக்கி எண்ணெயை இந்தப் பக்கம் விரட்டுவோம். அங்கே விட்ட தண்ணீர் எங்கே வந்து சேருகிறது என்று பார்க்க அதில் அடையாளத்துக்கு ஏதாவது கலந்து விடுவதும் உண்டு.

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் லீவில் வந்தபோது வம்பை விலைக்கு வாங்கினேன்.

மாதனூரில் என் தம்பி சேகர் வீட்டு போர்வெல் தண்ணீர் மஞ்சளாக, நுரையோடு, பதனிடப் போட்ட தோல் ஊறுகிற வாடையோடு வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அவனும் அவன் மனைவி கலாவும் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக் கட்டிய வீடு அது, அதைப் பூட்டிக்கொண்டு மாதக் கடைசியில் ஆம்பூருக்கு வாடகைக்குப் போவதாகக் கலா முடிவே செய்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் தோல் பதனிடும் ஷெட்டின் கிணற்றிலிருந்துதான் அழுக்கு வருகிறது என்று சேகர் எழுதிக் கொடுத்த மனுவுக்கு, ஆதாரம் கொண்டு வா என்று பதில் வந்திருந்தது. ஆதாரம்தானே, நான் காட்டுகிறேன் என்றேன்.

தோல் சாயம் போடுகிற பவுடர் எங்கள் ஊரில் கடையிலேயே கிடைக்கும். ஊதா வாங்கினேன். ஷெட்டின் வாட்ச்மேன் காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூடிப் போட்ட கெணறு தம்பி. இன்னாத்துக்கு அதக் கெளர்றே, சும்மா பேஜாரு."

நான் கேட்கவில்லை. வெறுங்கையாலேயே சாயத்தைக் கரைத்து ஊற்றி, மேலே ஒரு லாரி தண்ணீரும் விட்டேன். எண்ணெய் வயலில் கையுறை போடாதவனை நானே திட்டுவேன், ஊருக்கு வந்தால் பழைய புத்தி. கையில் ஒட்டிய ஊதா பத்து நாளில் போய்விட்டது, வலது கட்டைவிரல் நகத்தில் மட்டும் நின்றது.

தினமும் காலையில் மோட்டாரைப் போட்டு வெள்ளை பக்கெட்டில் பிடிப்பேன். மஞ்சள். மறுநாளும் மஞ்சள். இருபத்தாறு நாள், லீவு முழுக்க அந்த பக்கெட்டின் முன்னால்தான் போனது.

"கெணறு கெணறா எண்ணெய் எடுக்கறீங்க மாமா, இந்த ஒரு பக்கெட் தண்ணிக்குப் பதில் சொல்ல முடியலியே," என்று சொல்லிவிட்டுக் கலா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர்கள் போனார்கள், நானும் விமானம் ஏறினேன்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இனிதான் விஷயம். வேலைக்குத் திரும்பி நாற்பது நாள் இருக்கும், பட்டப்பகல், வழக்கம்போல ஒரு எண்ணெய்க் கிணற்றில் பாட்டிலில் மாதிரி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே தெளிந்தது, அடியில் தங்கிய தண்ணீர் ஊதா. மூடியைத் திறந்தால் தோல் ஊறுகிற வாடை. அந்த வாடையில் வளர்ந்தவன் நான், எனக்குத் தப்பாது. அங்கே இருக்கிற வேறு யாருக்கும் அது தெரியாது. நாங்கள் அந்தப் பக்கம் சாயமே விட்டதில்லை. சூப்பர்வைசர் அழுக்கு பாட்டிலில் பிடித்தாயா என்று கத்திக் கொட்டச் சொன்னார். புது பாட்டிலில் பிடித்தேன், அதுவும் ஊதா. மூன்றாவது சாதாரணமாக இருந்தது, அதைத்தான் அவர் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சேகர் போன் செய்தான்.

"ண்ணா, பூட்டுன வீட்டப் பாக்கப் போனேன். சும்மா மோட்டார் போட்டா தண்ணி கண்ணாடி மாதிரி வருது. வாடையே இல்லண்ணா!"

அழுதுவிட்டான். நான் பாட்டில் கதையைச் சொன்னேன்.

"விடுண்ணா. தண்ணி நல்லா வருதில்ல? இன்னாத்துக்கு இன்னும் நோண்டறே?"

அடுத்த வாரமே அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள், பிள்ளைகளுக்கு அரிப்பும் நின்றுவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடலைத் தாண்டி வர அந்த ஊதாத் தண்ணீரை எது தள்ளியது? கேட்டால் ஒருவரும் காது கொடுப்பதில்லை, மனைவியே பேச்சை மாற்றுகிறாள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இதோ என் கட்டைவிரலைப் பாருங்கள். சாயம் பட்ட நகம் எப்போதோ வளர்ந்து, வெட்டிப் போட்டாயிற்று. புது நகமும் அடியிலிருந்து ஊதாவாகவே வந்துகொண்டிருக்கிறது.