அக்கா வாங்கிய தெருக்குத்து மனை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. தளவானூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, திருமணமாகிச் செஞ்சிக்கு வந்தவர். மாமா பஸ் கண்டக்டர். அக்கா கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ரவிக்கை தைத்தார். மகள் ஒருத்தி. தையல் தைத்தவர் மனை வாங்கத் தொடங்கியது எப்படி என்று இன்றும் பலர் என்னைக் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்திலிருந்து மனை பார்க்க இலவச வேன் போகும். மதியம் பிரியாணி உண்டு. அக்கா தவறாமல் போனார். மற்றவர்கள் நல்ல மனை எது என்று கேட்பார்கள். அக்கா, விலை குறையும் என்று, விற்காத மனையைக் காட்டச் சொல்வார். தண்ணீர் தேங்கும் என்றாலோ, பத்திரத்தில் சிக்கல் என்றாலோ, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். திண்டிவனம் சாலையில் ஒருமுறை நானும் உடனிருந்தேன்.

"இது மட்டும் ஏன் முள்ளு மொளச்சி கெடக்குது?"

"தெருக்குத்தும்மா. நேரா வர்ற ரோடு மனையில முட்டுது. குடும்பத்துக்கு ஆவாதுன்னு யாரும் தொட மாட்டறாங்க."

"தண்ணி நிக்குதா?"

"இல்ல."

"வில்லங்கம்?"

"சுத்தமா இருக்குது. எதுக்கும் வூட்டுக்காரரைக் கேட்டுனு வாங்கம்மா," என்றார் தரகர்.

மாமா கேட்டார்: "ஊர்ல இத்தினி மனை இருக்க, முட்டுற ரோடுதான் உனுக்குக் கெடச்சிதா?"

"நல்லதுதான். வேற எங்கியும் திரும்பாம நேரா வூட்டுக்கு வந்துடுவீங்க."

மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த நகையை விற்று அக்கா அதை வாங்கினார். வழக்கப்படி தெருவைப் பார்த்துச் சுவரில் ஒரு பிள்ளையாரும் வைத்தார். அவருக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாடகைக்கென்று அதில் கட்டிய வீட்டுக்கு யாரும் வரவில்லை. அங்கேதான் அவர் கணக்குத் தவறியது: தான் துணிந்து வாங்கிய மனையில் குடியிருக்க மற்றவர்களும் துணிவார்கள் என்று நினைத்துவிட்டார். எனவே குடும்பத்தோடு அங்கே போய், பழைய வீட்டை வாடகைக்கு விட்டார். அந்த வருமானத்தில்தான் மகள் திருமணமும் அடுத்த மனையும்.

மாமாவின் அண்ணன் மட்டும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. வாசலில் நின்றே காப்பி குடித்துவிட்டுப் போவார்.

அக்கா இறந்ததும், வீடுதான் கொண்டுபோய்விட்டது என்ற பேச்சு எழுந்தது. அதனால் கருமாதியை மண்டபத்தில் நடத்தினோம். விற்றுவிடு என்று மகளிடம் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே ஒரு தகவலைப் பதிவு செய்கிறேன்: அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதை மருத்துவர் கண்டுபிடித்தது அந்த மனையை வாங்குவதற்கு முன்பு. மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். சொல்ல வேண்டாம் என்றவர் அக்காதான்.

முதலாண்டு நினைவு நாளை அந்த வீட்டிலேயே நடத்த மகள் முடிவு செய்தாள். யாரும் வராவிட்டால் விற்றுவிடுவதாகவும் சொன்னாள். முதலில் பெரியப்பாவுக்குத்தான் போன் செய்தாள்.

"மண்டபமா, வூடா?"

"வூடுதான் பெரிப்பா."

"இன்னா சமையலு?" என்றார். வருவதாகச் சொல்லவில்லை.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலரை நாங்கள் தபாலில் அனுப்பவில்லை. வீட்டுக்குள், கூடத்தில் வைத்துத்தான் கொடுக்கிறோம். இது உங்கள் கையில் இருக்கிறதென்றால், நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். அதற்கு நன்றி. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.