எழுபத்தேழு சீட்டும் ஒரு நகவெட்டியும்

பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். அதற்குள் யாரோ ஒருவருடைய கால்கள். சவர்க்கார நுரையோடு புஷ்பவதியின் கைகள் அந்தக் கால்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊறவிட மாட்டாள், ஊறினால் தோல் வெடிக்கும் என்பாள். கழுவி எடுத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துத் துவாய் நுனியால் ஒற்றி, ஈரம் போய்விட்டது என்று கண்ட பிறகுதான் நகவெட்டி பையிலிருந்து வெளியே வரும். நகத்தை நேராக வெட்டுவாள். மூலையைக் குடைய மாட்டாள். வெட்டி விழுந்ததைப் பழைய பத்திரிகைத் தாளில் கூட்டி மடித்து, அடுப்பில் போடும்படி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் நோயாளியின் முகத்தையே பார்ப்பாள்.

"முகம் 'நான் நல்லாயிருக்கிறன்' எண்டு சொல்லும். கால் அப்பிடிச் சொல்லாது."

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற ஏழெட்டு ஒழுங்கைகளிலும் அவளை எல்லோரும் 'மிஸி', அதாவது தாதி, என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் திருத்துவாள். "மிஸி இல்லை, அட்டென்டன். இருபத்திரண்டு வருசம் வார்ட்டிலை நிண்டனான்." திருத்தினாலும் மாறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் திருத்துவாள். ஓய்வுபெற்ற பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள், இன்சுலின் ஊசி போடுகிறாள், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டி விடுகிறாள். ஐம்பத்தாறு வயது. மெலிந்த உடம்பு, ஆனால் அவள் தூக்கி இருத்தாத ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் அவளிடம் ஒரு சட்டம் உண்டு. கால்விரல் பத்திலும் நகம் வெட்டியிருக்க வேண்டும். "நகம் வளந்த ஆளை அனுப்ப மாட்டன். அங்கை இருக்கிறவை, இவருக்கு வீட்டிலை ஆளில்லையாக்கும் எண்டு நினைச்சிடுவினம்."

சண்டைக்காகப் போட்ட இரவு ஊரடங்கு காலையில் எடுபட்டுப் பத்து நிமிடத்தில் அவளைத் தெருவில் காணலாம். தோளில் கறுத்தப் பை. அதற்குள் பஞ்சு, துணிச்சுருள், கத்தரிக்கோல், டெட்டோல் போத்தல், நகவெட்டி. இவற்றோடு ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுச் சீட்டு.

அந்தச் சீட்டுத்தான் அவளைப் பற்றி இந்தப் பக்கத்தில் அதிகம் பேசப்படுகிற விடயம். சாதாரணச் சீட்டு அல்ல. ஒன்றில் கயிறு சுற்றிய நங்கூரம். ஒன்றில் வாயில் ஓலை கவ்விப் பறக்கிற தகைவிலான் குருவி. இதயத்தில் குத்திய கத்தி, அதிலிருந்து மூன்றே மூன்று சொட்டு இரத்தம். ரோசாப்பூ, பாம்பு, பாய் விரித்த கப்பல், மேற்சட்டை இல்லாத கடற்கன்னி, பல்லை இளிக்கிற மண்டையோடு. தடித்த கறுப்புக் கோடு. சிவப்பு, பச்சை, கொஞ்சம் மஞ்சள். அந்தக் காலத்துக் கப்பல்காரர் கையிலும் மார்பிலும் குத்திக்கொண்ட பச்சைகளைப் பார்த்து யாரோ வரைந்தவை.

சுனாமிக்குப் பிறகு நிலாவெளி முகாமில் அவளோடு நான்கு மாதம் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரத் தாதி போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் தோள்மூட்டு வரைக்கும் இதே மாதிரிப் பச்சை. முகாமிலிருந்த கிழவிகள் அவளுடைய கையைத் தடவி, "நொந்திருக்குமே பிள்ளை" என்று கவலைப்பட்டார்கள். இதற்குப் பெயர் டாரோ, இதை வைத்து வருங்காலம் சொல்வார்கள் என்று அவள் சைகையும் பாதி இங்கிலீசுமாக விளக்கினாள். புஷ்பவதி கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டோடு வந்த சிறு புத்தகத்தை வாசிக்கத் தெரியாது. அதை அலுமாரித் தட்டில் தாளாக விரித்துவிட்டாள்.

வருங்காலம் அவளுக்குத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் கஞ்சி குடிக்க மறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர்தான் அப்போது அவளுடைய பிரச்சினை. சீட்டுக்கட்டை நீட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். கப்பல் வந்தது. "கப்பல் வந்தால் சரக்கு ஏத்தோணும். வாயைத் திறவுங்கோ." கிழவர் சிரித்துக்கொண்டே திறந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அவள் வைத்த பொருள்தான் பொருள். பாம்பு என்றால் மாத்திரை. மண்டையோடு என்றால் தண்ணீர் போதாது, இன்னும் இரண்டு கிளாஸ். நங்கூரம் என்றால் கட்டிலை விட்டு அசையக்கூடாது. குருவி என்றால் இன்று எழும்பி முற்றம் வரைக்கும் நடக்கலாம். "ரோசாப்பூவுக்கு என்ன மிஸி?" என்று கேட்டால், "குளிக்க வார்க்கப்போறன் எண்டு அர்த்தம். மணக்கிறியள்."

மொத்தம் எழுபத்தெட்டுச் சீட்டு. இப்போது இருப்பது எழுபத்தேழு. ஒன்றை மான் தின்றுவிட்டது. தபாற்கந்தோருக்கு முன்னால் நிழலில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது, ஊருக்குள் சுற்றித் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று தலையை விட்டு இழுத்து, அவள் பார்த்திருக்கச் சப்பி விழுங்கியது. எந்தச் சீட்டு என்று இன்றுவரை தெரியாது. "மானுக்கு அதுக்குப் பிறகு ஒண்டும் நடக்கேல்லை. நல்ல சீட்டாத்தான் இருந்திருக்கும்."

உட்துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் ஒருநாள் கடற்படைச் சிப்பாய் ஒருவன் பையைக் கொட்டிப் பார்த்தான். மண்டையோடும் கத்தியும் மேசையில் விழுந்தன. "மே மொனவாத?" இவை என்ன என்று கேட்கிறான். அவளுக்குத் தெரிந்த சிங்களம் வார்ட்டுச் சிங்களம். "பெஹெத்" என்றாள். மருந்து. அவன் சீட்டுகளைப் புரட்டினான். நங்கூரம் வந்ததும் நின்றான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்குக் கீழே காட்டினான். அதே நங்கூரம், அதே கயிறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். இப்போது அவன் காவலில் நிற்கிற நாளெல்லாம், "அம்மா, இண்டைக்கு எனக்கி?" என்று கையை நீட்டுகிறான். ஒரு காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு நிற்கிறவன் என்பதை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள். முதல் முறை பாம்பை எடுத்துக் காட்டினாள். "சப்பாத்தைக் கழட்டி வெயிலிலை வை. விரலிடுக்கிலை சொறி. மாத்திரையும் வாங்கிப் போடு."

படுக்கையில் கிடக்கிற பல்கீஸ் உம்மாவின் வீட்டில் மட்டும் விதி வேறு. "சாத்திரம் நமக்கு வாணாம் மகள், பாவம். படத்த மட்டும் காட்டுங்க" என்பார். அவள் படத்தை மட்டும் காட்டுவாள். கப்பலைப் பார்த்ததும் உம்மா தானாகவே வாயைத் திறப்பார். கடற்கன்னியைக் கண்டால், "இவளுக்கு ஒரு சட்டை தைச்சுப் போடுங்க" என்பார்.

ஒவ்வொரு வீட்டிலும் தேவையான சீட்டே எப்படி வருகிறது? வாசலிலேயே தேவையானதைக் கட்டின் அடியில் வைத்துவிடுவாள். கலைக்கிற மாதிரிக் கலைத்து, சின்னவிரலால் அடியிலிருந்து தள்ளி எடுப்பாள். நூற்றுக்கணக்கான தையல் பிரித்த விரல்கள், யாருக்கும் தெரியாது. அதைக் களவென்று அவள் நினைக்கவில்லை. கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதைப் போலத்தான் அது.

தம்பிராசா வந்து சேரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இறக்கக்கண்டி மீனவர், அறுபத்தெட்டு வயது. அங்கே கடலுக்குப் போகத் தடை வந்து ஏழு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் கனகம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வரும் வழியில் ஆணி குத்தி, வலது காலின் பெருவிரல் புண்ணாகி, இரண்டு மாதம் மருந்து கட்டியும் கடைசியில் கறுத்துவிட்டது. வியாழக்கிழமை காலை கொண்டுவரும்படி டொக்டர் சொல்லியிருந்தார். விரலை எடுக்க வேண்டும். ஒரு கிழமை பிந்தினால் முழங்காலோடு எடுக்க வேண்டிவரும்.

தம்பிராசா மாட்டேன் என்றார்.

"பெருவிரல் என்னத்துக்கு எண்டு டொக்டருக்குத் தெரியுமோ மிஸி? வள்ளத்தின்ர விளிம்பிலை நிண்டு வலை எறியேக்கை என்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்த விரல்தான்."

"வள்ளம் கரையிலை கிடந்து ஒன்பது மாசம், அண்ணை."

"கிடக்கட்டும். ஒருநாள் விடுவாங்கள்தானே. விடுற அண்டைக்கு நான் கரையிலை நிண்டு கை காட்டுறதோ?"

மூன்று நாளாக இதே கதை. கனகம்மா அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். புதன்கிழமை பின்னேரம் தம்பிராசாவே ஒரு வழி சொன்னார். "சீட்டைக் கேப்பம். சீட்டு போ எண்டால் போறன். ஆனா நான்தான் கலைப்பன்."

மறுக்க ஏலாது. கொடுத்தாள். தம்பிராசாவின் கையில் அந்தச் சீட்டுகள் வலைக்குள் இறால் துள்ளுகிற மாதிரித் துள்ளின. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கை நேற்றுப் பழகிய கை இல்லை. அவர் கலைத்தார், வெட்டினார், ஒன்றை எடுத்துப் படுக்கை விரிப்பில் போட்டார்.

நங்கூரம்.

"சொல்லுங்கோ மிஸி. நங்கூரத்துக்கு என்ன?"

கட்டிலை விட்டு அசையக்கூடாது. இதே சீட்டைக் காட்டித்தான் போன மாதம் அவரைப் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தாள். அவர் ஒரு சீட்டையும் மறக்கிற ஆள் இல்லை. குசினி வாசலில் அகப்பையோடு கனகம்மா நின்றாள். அவளுடைய கண் மிஸியின் வாயை விட்டு அசையவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைத்தான் இது சொல்கிறது என்று சொல்லிவிடலாம். வசனம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. புஷ்பவதி அந்தக் கறுத்த விரலைப் பார்த்தாள். பிறகு சீட்டுகளைக் கூட்டி, ரப்பர் வளையத்தைப் போட்டு, பைக்குள் வைத்துப் பையை மூடினாள்.

"இந்தச் சீட்டுக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. இவ்வளவு நாளும் உங்களுக்குக் காட்டினதெல்லாம் அடியிலை முதலே வைச்சு எடுத்தனான். ஏமாத்தினனான். விரல் செத்துப்போச்சு, அது பொய்யில்லை. நாளைக்குப் போகாட்டி அடுத்த கிழமை கால் போகும், அதுவும் பொய்யில்லை. இனி உங்கட விருப்பம்."

தம்பிராசா கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அடியிலை இருந்து எடுக்கிறது முதல் நாளே தெரியும் மிஸி. நாப்பது வருசம் கடற்கரை வாடியிலை இருந்து சீட்டிலை முந்நூற்றிநாலு விளையாடினவன் நான். உங்கட சின்னவிரல் அசையேக்கை எனக்குத் துரும்புச் சீட்டு எதெண்டு தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நல்ல கை. பாத்துக்கொண்டிருக்க ஆசையா இருந்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நான் எடுத்ததும் அடியிலை இருந்துதான்."

"என்ன?"

"நங்கூரத்தைக் குடுத்தால் மிஸி என்ன செய்யிறா எண்டு பாத்தனான். அதுக்கும் ஒரு கதை சொல்லியிருந்தால், டொக்டர் சொன்னதும் இப்பிடி ஒரு கதைதான் எண்டு விட்டிருப்பன்."

"கிழட்டுக் கள்ளன்!"

"ரெண்டு பேரும் கள்ளர்," என்றாள் கனகம்மா. அகப்பையிலிருந்து குழம்பு நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவளும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு தம்பிராசா மெதுவாகக் கேட்டார். "விரல் இல்லாமல் வள்ளத்திலை நிக்கலாமோ?"

"முதல் கொஞ்ச மாசம் தடுமாறும். பிறகு குதியிலை பாரம் வைச்சுப் பழகலாம். விளிம்பிலை நிக்க ஏலாது. நடுவிலை நிக்கலாம்."

"நடுவிலை நிக்கிறவன் தண்ணி அள்ளி ஊத்திறவன்."

"ஓம். ஆனா கடலிலை நிண்டு ஊத்துவான். கரையிலை நிண்டு கை காட்ட மாட்டான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பாப்பம்," என்றார். போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டார். படலையடியில் புஷ்பவதி கனகம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். "விடிய ஒண்டும் தின்னக் குடுக்காதை. ஊசியும் நான் வந்துதான்."

மறுநாள் ஊரடங்கு எடுபட்டதும் தெருமுனையில் ஓட்டோ ஓடுகிற அன்ஸாரின் வண்டியில் வந்தாள். சாவடியில் சிப்பாய் கையை நீட்டினான். "இண்டைக்கு இல்லை," என்றாள். சீட்டு வீட்டில் இருந்தது.

உள்ளே தம்பிராசா முகம் வழித்து, வெள்ளைச் சாரம் கட்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் பேசின் இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது. புஷ்பவதி விரலால் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. தான் அதை வைக்கவில்லை என்று கனகம்மா தலையாட்டினாள்.

புஷ்பவதி பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புண்ணின் கட்டை அவிழ்த்தாள். கழுவினாள், ஒற்றினாள், நகவெட்டியை எடுத்தாள். இடது காலில் ஐந்து. வலது காலில் நான்கு.

"அதை விடுங்கோ மிஸி," என்றார் தம்பிராசா. "போற விரல்தானே."

வெளியே அன்ஸார் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். அவள் அந்தக் கறுத்த விரலை உள்ளங்கையில் ஏந்தி வைத்து, மூலையைக் குடையாமல், நகத்தை நேராக வெட்டினாள்.